மனவடு: உயிர் தப்பியவரும் அவரது வாழ்க்கைத்துணையும்

ஓர் அனர்த்தம் நடந்து முடிந்ததும் நாம் கணக்கெடுப்பவை மூன்று. மௌத்தானவர்கள் எத்தனை பேர், காயப்பட்டவர்கள் எத்தனை பேர், அழிந்த வீடுகள் எத்தனை. உயிர் தப்பியவரின் உள்ளத்தில் விழுந்த வடு இந்தக் கணக்கில் சேர்வதில்லை. அவரோடு ஒரே வீட்டில் வாழ்ந்து அந்த வடுவின் வேதனையை நாளாந்தம் பங்கிட்டுக் கொள்ளும் கணவனையோ மனைவியையோ யாரும் எண்ணிப் பார்ப்பதுமில்லை.

இலங்கை முஸ்லிம்களுக்கு இது தூரத்து விடயமல்ல. 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி இரவு காத்தான்குடியின் இரு பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்றவர்கள் மீது நடத்தப்பட்ட தாக்குதலில் நூற்றுக்கும் மேற்பட்டோர் ஷஹீதாக்கப்பட்டனர். சில நாட்களிலேயே ஏறாவூரிலும் அதே துயரம் நிகழ்ந்தது. அவ்வருடம் ஒக்டோபரில் வடமாகாணத்திலிருந்து 70,000க்கும் அதிகமான முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாணத்து மக்களுக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டே மணித்தியாலங்கள். 2004 டிசம்பர் 26இல் வந்த சுனாமி நாடு முழுவதும் 30,000க்கும் அதிகமான உயிர்களைக் கொண்டு சென்றது. மிக அதிக உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. அதன் பின்னர் 2014இல் அளுத்கம, 2018இல் திகன, 2019 மே மாதத்தில் குளியாப்பிட்டியும் மினுவாங்கொடையும் என வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்ட நாட்கள் வந்தன. அயலில் வாழும் தமிழ்ச் சகோதரர்கள் யுத்தத்தில் சுமந்தது இதற்குக் குறைந்ததல்ல. 2019 ஏப்ரல் 21இல் தேவாலயங்களில் உறவுகளை இழந்த கிறிஸ்தவக் குடும்பங்களின் நிலையும் அப்படியே. மனவடு இனம் பார்த்து வருவதில்லை.

மனவடு என்றால் என்ன?

உயிருக்கோ உடலுக்கோ மானத்துக்கோ பேராபத்து விளைவிக்கும் ஒரு சம்பவத்தை நேரில் அனுபவித்தவர், கண்டவர், அல்லது நெருங்கிய உறவினருக்கு அது நேர்ந்ததென அறிந்தவர் ஆகியோரின் உள்ளத்தில் ஆழப் பதியும் பாதிப்பையே மனவடு என்கிறோம். இச்சொல்லை ஈழத்துத் தமிழில் பரவலாக்கியவர் யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம். காயம் ஆறினாலும் தழும்பு இருக்கும் என்பதை அந்த ஒரு சொல்லே உணர்த்திவிடுகிறது.

சம்பவம் நடந்து சில நாட்களுக்கு, சில வாரங்களுக்கு பயமும் நித்திரையின்மையும் நடுக்கமும் இருப்பது நோயல்ல. அது இயல்பான எதிர்வினை. பெரும்பாலானோர் குடும்பத்தின் அரவணைப்பிலும் காலப்போக்கிலும் தேறிவிடுகின்றனர். உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பின்படி உலகில் சுமார் 70 சதவீதமானோர் வாழ்நாளில் ஒரு முறையாவது இத்தகைய சம்பவத்துக்கு முகம் கொடுக்கின்றனர். அவர்களில் 5.6 சதவீதமானோருக்கே நெருக்கீட்டுக்குப் பிந்திய மனவடு நோய், அதாவது பி.டி.எஸ்.டி., ஏற்படுகிறது. அறிகுறிகள் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து, தொழிலையும் குடும்ப வாழ்வையும் குலைக்கும்போதே அது நோயாகக் கணிக்கப்படுகிறது. அமெரிக்க உளமருத்துவச் சங்கம் இந்நோயைத் தனது வகைப்பாட்டில் சேர்த்தது 1980இல்தான். வியட்நாம் யுத்தத்திலிருந்து திரும்பிய படைவீரர்களின் நிலை அதற்கு ஒரு முக்கிய காரணமாக இருந்தது.

பாதிக்கப்பட்டவரிடம் காணப்படும் நான்கு வகை மாற்றங்கள்

முதலாவது, மீள அனுபவித்தல். நடந்தது நினைவாக வராமல் இப்பொழுது நடப்பது போலவே வரும். கெட்ட கனவில் அலறி எழுவார். கடல் இரைச்சல், பட்டாசு வெடி, டயர் எரியும் மணம் போன்ற சிறிய விடயமொன்று அவரை அந்த நாளுக்கே கொண்டு சென்று நிறுத்திவிடும்.

இரண்டாவது, தவிர்த்தல். சம்பவத்தை நினைவூட்டும் இடம், ஆள், பேச்சு எல்லாவற்றையும் விட்டு ஒதுங்குவார். கடற்கரை ஊரில் பிறந்தவர் கடற்கரைப் பக்கமே போகமாட்டார். பள்ளிவாசலில் தாக்கப்பட்டவர் வாசலுக்கு முதுகு காட்டி ஸுஜூதில் நிற்க அஞ்சி ஜமாஅத்துக்கு வராமல் இருக்கலாம். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது தொழுகையில் அசட்டை போலத் தெரியும்.

மூன்றாவது, எண்ணத்திலும் உணர்விலும் ஏற்படும் மாற்றம். "நான்தான் பிள்ளையின் கையை விட்டேன்" என்ற குற்றவுணர்வு, யாரையும் நம்ப முடியாமை, மகிழ்ச்சியோ அன்போ உணர முடியாத மரத்துப்போன நிலை ஆகியன இதில் அடங்கும்.

நான்காவது, எந்நேரமும் விழிப்பாக இருத்தல். சிறு சத்தத்துக்கும் திடுக்கிடுவார். கதவைப் பூட்டியாயிற்றா என்று பலமுறை பார்ப்பார். சொற்ப விடயத்துக்கும் கோபம் பொங்கும். நித்திரை வராது. ஆபத்தை அறிவிக்கும் மூளையின் பகுதி, ஆபத்து நீங்கிய பின்னரும் ஓயாமல் வேலை செய்வதே இதற்குக் காரணம். அவர் வேண்டுமென்று கோபிப்பதில்லை.

உள்ளத்தின் நோய் உடலில் பேசும்

நம் மக்களில் பலர் "எனக்கு மனசு சரியில்லை" என்று வைத்தியரிடம் போவதில்லை. தலையிடி, நெஞ்சு இறுக்கம், நாரி வலி, வயிற்று எரிவு, கை கால் விறைப்பு என்றே போகின்றனர். வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு இருபது வருடங்களுக்கு மேலாகப் புத்தளத்தில் வாழ்ந்த முஸ்லிம்களிடையே செய்யப்பட்டு 2013இல் வெளியான ஓர் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. ஆய்வில் பங்கேற்ற 450 பேரில் 18.8 சதவீதமானோருக்குப் பொதுவான உளநோய்களில் ஏதாவதொன்று இருந்தது. பி.டி.எஸ்.டி. இருந்தவர்கள் 2.4 சதவீதத்தினர் மட்டுமே. உள்ளத்தின் நெருக்கடி உடல் வலியாக வெளிப்பட்டவர்களோ 14 சதவீதத்தினர். தொழிலின்மை, துணையை இழந்திருத்தல், உணவுக்குத் தட்டுப்பாடு ஆகியவை உளநோயோடு சேர்ந்து காணப்பட்டன. நீண்ட கால அகதி வாழ்வில் அன்றைய சம்பவம் மட்டுமல்ல, அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு நாளும் மனிதரை வதைக்கிறது என்பது இதன் பாடம்.

வாழ்க்கைத்துணைக்கு நேர்வது என்ன?

பாதிக்கப்பட்டவருக்கு என்ன நடந்ததென்று ஊர் அறியும். அவரது துணைக்கு என்ன நடக்கிறதென்று அவர்கள் வீட்டுச் சுவருக்குள்ளேயே முடிந்துவிடும். வியட்நாமிலிருந்து திரும்பிய அமெரிக்கப் படைவீரர்களின் மனைவியரிடமும் விசாரித்து 1990களின் தொடக்கத்தில் வெளியான விரிவான ஆய்வு, மனவடு நோயுள்ள வீரர்களின் மனைவியரிடம் உளநெருக்கடியும், அவர்களது வீடுகளில் பிணக்கும் வன்முறையும், ஏனைய வீரர்களின் குடும்பங்களை விடக் கூடுதலாக இருப்பதைக் காட்டியது. அதன் பின்னர் வந்த பல ஆய்வுகளும் இதையே உறுதிப்படுத்தின. வீட்டுக்குள் இது பின்வரும் வழிகளில் நடக்கிறது.

அன்பு நின்றுவிட்டதாகத் தோன்றுதல்: கோபத்தை விடவும் தாம்பத்தியத்தை அதிகம் சிதைப்பது உணர்வு மரத்துப்போன நிலைதான். கணவன் வீட்டில் இருப்பான், சாப்பிடுவான், தொழிலுக்கும் போவான். ஆனால் முகம் பார்த்துக் கதைக்க மாட்டான். பிள்ளையின் பெறுபேறு வந்தாலும் முகத்தில் ஒன்றும் தெரியாது. தன்னை அவனுக்குப் பிடிக்கவில்லை, அல்லது வேறெங்கோ மனம் போய்விட்டது என்று மனைவி முடிவெடுக்கிறாள். படுக்கையறை விலகலையும் அப்படியே அர்த்தம் கொள்கிறாள். உண்மையில் வலியை உணராதிருக்க மூடிக்கொண்ட கதவு, அன்பு வரும் வழியையும் சேர்த்து அடைத்துவிட்டது.

நோய்க்கு ஏற்ப வீடே மாறுதல்: அவருக்குச் சத்தம் ஆகாது என்று பிள்ளைகளின் விளையாட்டு நிறுத்தப்படும். அவர் கூட்டத்துக்கு வரமாட்டார் என்பதால் கலியாண வீடுகளுக்குப் போவது குறையும். கடைக்குப் போவது, வங்கிக்குப் போவது, பாடசாலைக் கூட்டம் எல்லாம் ஒருவரின் தலையில் விழும். அன்பினால் செய்யப்படும் இந்த விட்டுக்கொடுப்புகள் அந்நேரத்துக்கு நிம்மதி தரும். ஆனால் பயந்த விடயத்தை எதிர்கொண்டு தேறும் வாய்ப்பு அவருக்கு இல்லாமல் போகும். வீட்டின் உலகம் வருடாவருடம் சுருங்கும்.

வடு தொற்றுதல்: கணவன் இரவில் அலறும்போதெல்லாம் விழித்துப் பழகிய மனைவிக்கும் நித்திரை போய்விடுகிறது. தான் பார்க்காத காட்சிகள் அவளது கனவிலும் வருகின்றன. அவளும் சத்தத்துக்குத் திடுக்கிடுகிறாள். உளவியலாளர்கள் இதை இரண்டாம் நிலை மனவடு என்கின்றனர். இது மனப் பலவீனம் அல்ல. நீண்டகாலம் நெருங்கியிருந்து பராமரித்ததன் விளைவு.

இருவரும் பாதிக்கப்பட்டவராக இருத்தல்: மேற்கத்தேய ஆய்வுகளில் பெரும்பாலும் ஒருவர் யுத்தத்துக்குப் போனவர், மற்றவர் வீட்டில் இருந்தவர். நம் நாட்டில் அப்படியில்லை. ஒரே அலை இருவரின் பிள்ளையையும் கொண்டு போனது. ஒரே லொறியில் இருவரும் ஊரை விட்டு வந்தனர். ஆனால் இருவரும் ஒரே விதமாக அழுவதில்லை. தாய் பிள்ளையின் உடுப்பை எடுத்து வைத்து நாளும் பேசுவாள். தகப்பன் அந்தப் பெயரையே எடுக்க விடமாட்டான். அவளுக்கு அவன் கல்நெஞ்சன். அவனுக்கு அவள் புண்ணைக் கிளறுபவள். இருவரும் துக்கத்திலேயே இருக்கிறார்கள் என்பதை எடுத்துச் சொல்ல ஒருவரும் இல்லாதபோது, பிள்ளையை இழந்த வீடு தாம்பத்தியத்தையும் இழக்கிறது.

மறுமணம்: சுனாமியில் ஆண்களை விடப் பெண்களும் சிறுவர்களுமே கூடுதலாக உயிரிழந்தனர். துணையை இழந்த பலர் பின்னர் மறுமணம் செய்தனர். அந்த வீட்டுக்கு வந்த மனைவி, தான் காணாத ஒரு நாளின் சுமையோடு வாழத் தொடங்கினாள். டிசம்பர் மாதம் பிறந்தால் கணவன் ஏன் மாறிப்போகிறான் என்பதை அவளுக்கு முதலிலேயே சொல்லிவைத்திருந்தால், அது தன்னோடு உள்ள வெறுப்பல்ல என்பதாவது அவளுக்குப் புரிந்திருக்கும்.

நமது சமூகத்தில் உள்ள தவறான எண்ணங்கள்

"ஈமான் உறுதியாக இருந்தால் இப்படி வருமா?" என்ற கேள்வி பாதிக்கப்பட்டவரை இரண்டாம் முறை காயப்படுத்துகிறது. மகனைப் பிரிந்த துயரில் அழுது பார்வையிழந்த யஃகூப் நபி (அலை) அவர்களின் வரலாறு நமக்குத் தெரியும். அழகிய பொறுமைக்கு உதாரணமாகச் சொல்லப்படுபவரும் அவரே. கண்ணீரும் பொறுமையும் ஒரே உள்ளத்தில் இருக்க முடியும். ஸப்ர் என்பது வலிக்கவில்லை என்று நடிப்பதல்ல.

"எல்லாம் ஜின் வேலை" என்று ஓதிப்பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வதும் வழக்கில் உண்டு. திக்ரும் துஆவும் குர்ஆன் ஓதுவதும் மனதுக்கு ஆறுதல் தருபவை. அவற்றைச் சிகிச்சையோடு சேர்த்துக் கொள்வதில் தடையில்லை. சிகிச்சையைத் தள்ளிப்போட அவற்றைக் காரணமாக்குவதே பிழை. உடலைப் போல உள்ளமும் நோயுறும், அதற்கும் மருத்துவம் உண்டு என்று ஆயிரம் வருடங்களுக்கு முன்னரே விரிவாக எழுதியவர் முஸ்லிம் அறிஞர் அபூ ஸைத் அல்-பல்கீ. ஹிஜ்ரி மூன்றாம், நான்காம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த அவர் பயம், கோபம், கவலை, மீண்டும் மீண்டும் வரும் எண்ணங்கள் ஆகியவற்றைத் தனித்தனியாகப் பிரித்து ஆராய்ந்தார்.

"ஆம்பிளை அழக்கூடாது" என்பது மூன்றாவது. அழ வழியில்லாத துக்கம் ஆண்களிடம் கோபமாகவோ, போதைப் பழக்கமாகவோ, வீட்டை விட்டு விலகியிருப்பதாகவோ உருமாறுகிறது. பெண்களுக்கு வேறொரு பூட்டு உண்டு. மானத்தோடு சம்பந்தப்பட்ட கொடுமைக்கு உள்ளானவள், கணவனுக்குத் தெரிந்தால் குடும்பம் உடைந்துவிடும் என்று வாழ்நாள் முழுதும் வாய் திறப்பதில்லை.

துணைவர் செய்யக்கூடியவை

குடும்பத்தினதும் சுற்றத்தினதும் ஆதரவு குறைவாக இருப்பது, மனவடு நோயாக மாறுவதை முன்கூட்டிக் காட்டும் வலுவான காரணிகளில் ஒன்று என்று ஆய்வுகள் சொல்கின்றன. எனவே துணைவரின் பங்கு சிறியதல்ல.

ஹிராக் குகையில் முதல் வஹீ இறங்கிய பின் நடுங்கியவர்களாக வீடு வந்த நபி (ஸல்) அவர்களை கதீஜா (ரழி) எதிர்கொண்ட விதத்தை நினைத்துப் பாருங்கள். அந்நிகழ்வை நோயோடு ஒப்பிடுவதற்காக இதைச் சொல்லவில்லை. கணவரின் பயத்தை ஒரு மனைவி எதிர்கொண்ட முறைமையே இங்கு பாடம். கேள்விகளை அடுக்காமல் முதலில் போர்த்திவிட்டார். நடுக்கம் தணிந்த பின் சொன்னதைக் கேட்டார். அவர்களிடமிருந்த நற்குணங்களை எடுத்துச் சொல்லித் தைரியமூட்டினார். பின்னர், விடயம் அறிந்த வரகா இப்னு நவ்ஃபலிடம் அழைத்துச் சென்றார். அமைதிப்படுத்தல், செவிமடுத்தல், நம்பிக்கையூட்டல், தகுந்தவரிடம் கொண்டு செல்லல் என்ற இந்த ஒழுங்கைத்தான் இன்றைய உளநல முதலுதவியும் ஏறத்தாழப் பின்பற்றுகிறது.

நடைமுறையில் கவனிக்க வேண்டியவை:

• நடந்ததைச் சொல்லும்படி வற்புறுத்த வேண்டாம். சொல்ல முன்வரும்போது குறுக்கே பேசாமல் கேளுங்கள். "மறந்துவிடு", "அதை விடப் பெரிய இழப்புள்ளவர்களும் இருக்கிறார்கள்" என்ற வார்த்தைகளைத் தவிருங்கள்.

• கெட்ட கனவில் அலறுபவரைப் பிடித்து உலுக்காதீர்கள். சற்றுத் தள்ளி நின்று பெயர் சொல்லி அழையுங்கள். விளக்கைப் போட்டு, இது நம் வீடு, இன்று இன்ன நாள் என்று சொல்லுங்கள்.

• எந்தச் சத்தம், எந்தத் திகதி, எந்த இடம் அவரைக் குழப்புகிறது என்பதை இருவரும் சேர்ந்து அறிந்து வையுங்கள். அந்நாட்களுக்கு முன்னேற்பாடாக இருங்கள்.

• பயப்படும் விடயத்துக்கு மெல்ல மெல்லத் திரும்பத் துணை நில்லுங்கள். நிர்ப்பந்திக்கவும் வேண்டாம், எல்லாவற்றையும் அவருக்காக நீங்களே செய்யவும் வேண்டாம்.

• பிள்ளைகளிடம் அவர்களது வயதுக்கேற்ப உண்மையைச் சொல்லுங்கள். வாப்பாவின் கோபத்துக்கோ உம்மாவின் அழுகைக்கோ தாங்கள்தான் காரணம் என்று பிள்ளைகள் எண்ணிக்கொள்வார்கள்.

• உங்கள் நித்திரை, உங்கள் உடல்நிலை, உங்கள் உறவுகள் ஆகியவற்றையும் கவனியுங்கள். மனம் விட்டுப் பேச நம்பிக்கையான ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கே அறிகுறிகள் இருந்தால் நீங்களும் வைத்தியரைக் காண வேண்டும்.

ஒரு விடயத்தில் விட்டுக்கொடுப்புக்கு இடமில்லை. மனவடு ஒருவரின் கோபத்துக்குக் காரணம் சொல்லலாம். கை நீட்டுவதற்கு அனுமதியாகாது. அடியைத் தாங்குவதை ஸப்ர் என்று எவரும் உபதேசிக்கக் கூடாது. வீட்டு வன்முறைக்கு எதிராகப் பாதுகாப்புக் கட்டளை பெற 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டம் வழி செய்கிறது. பெண்கள் 1938 என்ற இலக்கத்தில் உதவி பெறலாம்.

சிகிச்சை உண்டா?

உண்டு. வருடக்கணக்கில் நீடித்த மனவடு நோயும் குணமாகக்கூடியது. மனவடுவை மையப்படுத்திய அறிகை நடத்தைச் சிகிச்சை, கண்ணசைவை அடிப்படையாகக் கொண்ட ஈ.எம்.டி.ஆர். ஆகிய இரண்டையும் உலக சுகாதார நிறுவனம் 2013ஆம் ஆண்டு வழிகாட்டலில் பரிந்துரைத்தது. தேவைப்படுபவர்களுக்கு மனச்சோர்வுக்கான மருந்துகளும் கொடுக்கப்படுகின்றன. சம்பவம் நடந்த உடனே நித்திரைக் குளிசை கொடுத்துப் பழக்குவதை அதே வழிகாட்டல் ஏற்கவில்லை. வைத்தியரின் ஆலோசனையின்றி மருந்தகத்தில் குளிசை வாங்கிப் போடுவது மேலும் ஆபத்தானது.

கணவன் மனைவி இருவரையும் ஒன்றாக அமர்த்திச் செய்யும் 15 அமர்வுகள் கொண்ட சிகிச்சை முறையும் உண்டு. 2012இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளியான ஆய்வில் 40 தம்பதியர் பங்கேற்றனர். இச்சிகிச்சையைப் பெற்றவர்களிடம், சிகிச்சைக்காகக் காத்திருந்தவர்களை விட நோயின் அறிகுறிகளும் குறைந்தன; இல்லறத் திருப்தியும் கூடியது. நோயையும் தாம்பத்தியத்தையும் ஒன்றாகவே கவனிக்க முடியும் என்பதற்கு இது சான்று.

இலங்கையில் அரச போதனா வைத்தியசாலைகளிலும் மாவட்ட வைத்தியசாலைகளிலும் உளநலப் பிரிவுகள் இயங்குகின்றன. சிகிச்சை இலவசம். பல பிரதேச செயலகங்களில் உளவளத்துணை உத்தியோகத்தர்கள் கடமையாற்றுகின்றனர். தேசிய உளநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்நேரமும் அழைக்கலாம். வாழ்வதில் பயனில்லை, மௌத்தாகிவிட்டால் நல்லது என்று ஒருவர் சொல்லத் தொடங்கினால் அதை வெறும் பேச்சாக எடுக்காமல், அவரைத் தனியே விடாமல், உடனடியாக உதவி நாட வேண்டும்.

பள்ளிவாசல் நிர்வாகங்களுக்கும் உலமாக்களுக்கும்

குடும்பப் பிணக்குகள் முதலில் வருவது பள்ளிவாசலுக்கும் காதி நீதிமன்றத்துக்குமே. "அவர் கதைப்பதில்லை", "எதற்கெடுத்தாலும் கோபம்", "பிள்ளைகளைத் தூக்குவதில்லை" என்று ஒரு மனைவி முறையிடும்போது, எப்போதிருந்து இப்படி, அதற்கு முன் அவருக்கு என்ன நேர்ந்தது என்ற இரு கேள்விகளைச் சேர்த்துக் கேட்டால் போதும். சில வழக்குகளில் தேவைப்படுவது தலாக்கோ பஸ்ஹோ அல்ல, வைத்தியரின் கடிதம் என்பது தெரியவரும். குத்பாக்களில் வருடத்துக்கு ஒரு முறையாவது உளநலம் பேசப்பட வேண்டும். ஷுஹதாக்களை நினைவுகூரும் நாட்களில் உயிரோடிருக்கும் அவர்களின் மனைவியரையும் பிள்ளைகளையும், அன்று காயத்தோடு தப்பியவர்களையும் தேடிச் சென்று நலம் விசாரிப்பது ஊரின் கடமை. அவர்களில் பலருக்கு முப்பது வருடங்கள் கடந்தும் அந்த இரவு இன்னும் முடியவில்லை.